இருசாயியின் அறுநூற்றுப் பதின்மூன்று திங்கட்கிழமைகள்

எங்கள் ஆஸ்பத்திரியில் இதயப் படம் எடுக்க வருபவர்களுக்கு ஒரு தாள் நிரப்புவோம். பெயர், வயது, ஊர், வேலை, இரத்த அழுத்தம். அதில் 'புகைப் பழக்கம் உண்டா?' என்று அச்சடித்த வரிக்குக் கீழே, அச்சில் இல்லாமல், கையால் எழுதிய இன்னொரு வரி இருக்கும்: 'கூட இருப்பவர்கள் புகைப்பதுண்டா?' தாள்கட்டு தீர்ந்து நகல் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கையெழுத்தும் சேர்ந்தே நகலாகி வந்தது. எழுத்து இப்போது பாதி தேய்ந்துவிட்டது.

சென்ற மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். "மேடம், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தறோம். இந்த வரி அச்சுலயே இல்லை. உங்க எழுத்துன்னு சொன்னாங்க. இது வேணுமா, எடுத்துடலாமா?" என்றாள். வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். நின்றுகொண்டே சொல்லக்கூடிய விடை இல்லை அது. என் நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் வேலைக்குச் சேர்ந்தது 1973 இறுதியில், இருபத்திரண்டு வயதில். அதற்கு முன் ஒன்றரை ஆண்டு சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. பயிற்சி. அங்கே கற்றதில் முக்கால் பங்கு கம்பிகளின் நிறம், மீதி, வாயை மூடிக்கொண்டிருப்பது. பார்த்ததைப் படம் பிடிப்பது என் வேலை, அதற்குப் பொருள் சொல்வது டாக்டர் வேலை என்று அடித்துச் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பாடத்தை நான் மிக நன்றாகக் கற்றேன். எனக்குத் தேவைக்கு மேலேயே கற்றேன் என்பது பதினான்கு ஆண்டு கழித்துத் தெரிந்தது.

அந்த நாளைய இயந்திரம் ஒரு தோல்பெட்டி அளவு. உள்ளே சூடான ஊசி ஒன்று, மெழுகு பூசிய காகிதப் பட்டை ஒன்று. இதயத்திலிருந்து வரும் மின்துடிப்புக்கு ஏற்ப ஊசி மேலும் கீழும் ஆட, சூடு பட்ட இடத்தில் மெழுகு உருகிக் கறுப்புக் கோடு விழும். பட்டை நொடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் நகரும். ஒரு துடிப்பின் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே எத்தனை சிறு கட்டங்கள் என்று எண்ணி, ஆயிரத்து ஐந்நூறை அதனால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வரும். இருபது கட்டம் என்றால் எழுபத்தைந்து. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்புக்கு மேல். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று, தவறோ என்று மூன்று முறை திரும்பப் போட்டேன். ஒரு கைப்பிடிச் சதை, யாரும் சொல்லாமல், ஒரு நாளும் விடுப்பெடுக்காமல்.

மலையில் இந்த இயந்திரத்துக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. குளிர். உலோகத் தகடுகள் பனிக்கட்டியாக இருக்கும். வருபவர்களோ காப்பித் தோட்டத்தில் நனைந்து, பனிமூட்டத்தில் நடந்து வந்தவர்கள். உடம்பு நடுங்கினால் தசை நடுக்கத்தையும் ஊசி எழுதிவிடும். கோடு முழுவதும் புல் முளைத்ததுபோல் ஆகிவிடும். அந்தப் புல்லுக்குள் இதயத்தைத் தேட முடியாது.

அதற்கு வழி எங்களிடம் இருந்தது. என் அறையை ஒட்டிக் கணப்பறை என்று ஒன்று. நடுவில் பெரிய இரும்புச் சட்டியில் கரி நெருப்பு, அதன் தலைக்கு மேல் தகரப் புகைபோக்கி, சுற்றிலும் பெஞ்சுகள். ஜன்னல்களைப் பனிக்காக அடைத்தே வைத்திருப்போம். என் அறைக்கும் அதற்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு துணித்திரை மட்டும். நடுங்குகிறவர்களை அங்கே அனுப்பி, நடுக்கம் நின்றபின் உள்ளே கூப்பிடுவேன். அங்கே உட்கார்ந்தவர்கள் செய்கிற முதல் காரியம் பீடி பற்றவைப்பது. நான் அதைத் தடுக்கவில்லை. "ஒரு பீடி குடிச்சுட்டு வாங்க, உடம்பு சூடாகட்டும்" என்று நானே சொன்னதும் உண்டு.

அந்தக் கணப்பறையின் பொறுப்பு இருசாயிக்கு. பக்கத்து ஊரான தலைச்சோலைக்காரர். அப்போது முப்பத்தொன்பது வயது, கணவர் இல்லை. மெலிந்த உடம்பு, பெரிய குரல். கரி கொட்டுவது, சாம்பல் அள்ளுவது, பெஞ்சைத் துடைப்பது, வருகிறவர்களை அதட்டுவது எல்லாம் அவர்தான். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார்.

"உள்ளார வந்து குந்துங்க. கையக் காட்டுங்க, அனலு படட்டும். நடுங்கிக்கிட்டே போனீங்கன்னா அம்மிணி திருப்பி அனுப்பிரும், பாத்துக்கோங்க."

வாரத்தின் முதல் நாள் வேலை தொடங்குமுன் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது ஒரு நல்ல உடம்புக்காரர் படுத்தால் போதும். 1974 ஜனவரியின் முதல் திங்கட்கிழமையிலிருந்து இருசாயி அக்கா படுத்தார். நான் வழக்கமாகச் சொல்லும் மூன்று சொற்றொடர்களை அவரிடமும் சொல்வேன்: அசையாதீங்க, பேசாதீங்க, மூச்சு மட்டும் விடுங்க. ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை ஓடும். கிழித்து, தேதி போட்டு, 'இயந்திரம் சரி' என்று எழுதி, பிஸ்கட் டப்பாவில் போடுவேன். வேறு யாராக இருந்தாலும் தூக்கி எறிந்திருப்பார்கள். எனக்குத் தேதி போட்ட காகிதத்தை எறிய வராது. மழை எவ்வளவு பெய்தது, சேலம் பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி வைக்கிற குணம் சின்ன வயதிலிருந்தே உண்டு.

1980இல் டாக்டர் அருள்ராஜ் வந்தார். உயரமானவர், குரலை உயர்த்தாதவர். பட்டையை மேஜையில் விரித்து, பென்சிலின் மழுங்கிய முனையை அதன்மேல் வைத்து, "எஸ்தர், நீங்க என்ன பாக்குறீங்க?" என்று கேட்பார். பொருள் சொல்வது என் வேலையில்லை என்பேன். "பொருள் கேக்கலை. என்ன பாக்குறீங்க?" என்பார். நான் கட்டங்களை எண்ணிச் சொல்லும்வரை பேசமாட்டார். இடது கையில் எப்போதும் ஒரு சிகரெட். சாம்பலைத் தேநீர்த் தட்டில் தட்டுவார். அந்தக் காலத்தில் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

வந்த இரண்டாவது மாதம் ஒரு பட்டையை நீட்டினார். எஸ்டேட்டில் நிழல்மரம் கவாத்து வெட்டும் பெரியண்ணன் என்பவருடையது. நெஞ்சுவலி என்று அடிக்கடி வருகிறவர், வந்தால் கணப்பறையைச் சிரிக்க வைக்கிறவர்.

"இந்த ஆளு பஸ்ஸைத் துரத்திக்கிட்டு வந்தாரா?"

"இல்லைங்க சார். அரை மணி நேரமா கணப்பறையில உக்காந்திருந்தார்."

"அப்ப உக்காந்தே ஓடியிருக்கார்" என்றார். பிறகு பழைய பட்டைக் கட்டுகளை எடுத்துவரச் சொன்னார். பெரும்பாலான ஆண்களின் துடிப்பு அப்படித்தான் விரைவாக இருந்தது. மலைக்காரர்களுக்கு அது இயல்பு என்று முன்பிருந்த டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். இவர் எழுந்து போய்க் கணப்பறை வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக் கட்டிலில் படுத்தார்.

"எனக்கு எடுங்க. பத்து நிமிஷம் சும்மா படுத்திருக்கேன், அப்புறம்."

பத்து நிமிடம் கழித்து எடுத்தேன். உச்சிக்கு உச்சி இருபது சிறு கட்டங்கள். எழுந்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சிகரெட்டைப் புகைத்து முடித்தார். மறுபடி படுத்தார். அதே தகடுகள், அதே இடம், அதே ஆள். இப்போது பதினாறு கட்டங்கள். எழுபத்தைந்து, தொண்ணூற்று நான்காகியிருந்தது. அவர் படுத்த இடத்திலிருந்து அசையவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று எடுத்துக்கொண்டே போனோம். அரை மணி கழித்தும் இருபதுக்குத் திரும்பவில்லை.

வரிசையாக விரித்த அந்தப் பட்டைகளை நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் நீளக் காகிதக் குழலில் சுருட்டிய இலை, தொடாத ஒரு சதையை எட்டி ஓட வைத்திருக்கிறது. படித்துத் தெரிந்துகொள்வது வேறு, ஊசி எழுதிக் காட்டுவது வேறு.

"நிகோடின் இதயத்தை விரட்டுது" என்றார் டாக்டர். "அதே புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு இரத்தத்துல ஆக்ஸிஜன் உக்கார வேண்டிய இடத்துல உக்காந்துக்குது. கூடுதல் வேலை, குறைச்ச சாப்பாடு. எந்த எஸ்டேட்ல இப்படிச் செஞ்சாலும் ஆளுங்க மறுநாள் வேலைக்கு வரமாட்டாங்க. இது மட்டும் வரும்."

"எத்தனை நாளைக்குங்க சார்?"

"வருஷக் கணக்குல. சுமை தூக்கறவன் கை தடிக்கிற மாதிரி இதோட சுவரும் தடிக்கும். பாக்க பலம் மாதிரி இருக்கும். ஆனா தடிச்ச சுவர் விறைச்சுப் போகும். சுருங்கத் தெரியும், விரியத் தெரியாது. விரியாட்டி அடுத்த துடிப்புக்கு இரத்தம் எங்க இருந்து வரும்?"

அன்று முதல் ஒரு விதி வந்தது. படம் எடுப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன் யாரும் பீடி குடிக்கக் கூடாது. விதி நன்றாக வேலை செய்தது, துடிப்புகள் நிதானமாயின. அவர்கள் கணப்பறையில் பீடி குடித்துவிட்டு, அதே கணப்பறையில் அரை மணி காத்திருந்துவிட்டு வந்தார்கள். எங்கள் படங்கள் சுத்தமாயின, அறை அப்படியே இருந்தது. அந்த அறையில் நாள் முழுவதும் இருக்கிற ஒருத்தி உண்டு என்று விதி போட்ட டாக்டருக்கும் தோன்றவில்லை, எழுதி ஒட்டிய எனக்கும் தோன்றவில்லை.

1987, கார்த்திகை மாதம். மழையும் மூட்டமுமாக நான்கு நாள் வெயிலே இல்லை. திங்கட்கிழமை வழக்கம்போல இருசாயி அக்கா வந்து படுத்தார். வாசலிலிருந்து கட்டிலுக்குப் பத்து அடி. அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஊசி ஓடும்போது ஒழுங்கான துடிப்புகளுக்கு நடுவே, முன்கூட்டியே துள்ளிக்கொண்டு ஒரு அகலமான துடிப்பு வந்தது. நான்கு துடிப்பு கழித்து இன்னொன்று. இயந்திரக் கோளாறோ என்று அளவுப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். கோடு சரியாகப் பத்து மில்லிமீட்டர் ஏறியது. இயந்திரம் சரி.

"அக்கா, நெஞ்சுல ஏதாச்சும் தெரியுதா?"

"அது கெடக்குது அம்மிணி. அப்பப்ப உள்ளார கோழிக்குஞ்சு துள்ளற மாதிரி இருக்கும்."

"எத்தனை நாளா?"

"மாம்பழம் வந்தப்ப இருந்து. பொம்பள வார்டு மேட்டுல கரிக்கூடையத் தூக்கிட்டு ஏற முடியல, நடுவுல ரெண்டு வாட்டி நின்னுட்டுதான் போறேன்." சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "டாக்டருகிட்டச் சொல்லிராதீங்க. மூச்சு வாங்கற ஆளுன்னு தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. ஊட்டுல போயி செவத்தப் பாத்துட்டுக் குந்தியிருக்கவா? எனக்கு இங்க தெனமும் அம்பது பேரு வேணும், திட்டறதுக்கு."

கையை விடுவித்துக்கொண்டு பட்டைக்குத் தேதி போட்டேன். அந்த வாரம் முழுவதும் வேலை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போய், பிஸ்கட் டப்பாக்களைத் திறந்து, வெறுமையாக இருந்த வராந்தாவில் இருசாயி அக்காவின் பட்டைகளைத் தேதிவாரியாகப் பரப்பினேன். ஆண்டுக்கு ஒரு வரிசை. விடுப்பு நாள், மின்சாரம் இல்லாத நாள், காகிதம் தீர்ந்த நாள் எல்லாம் கழித்து அறுநூற்றுப் பதின்மூன்று பட்டைகள். பதினான்கு வரிசைகள். பரப்பி முடித்து எழுந்து நின்றபோது கால் மரத்திருந்தது. பார்த்தேன்.

ஒரு வரிசைக்குள் எந்த மாற்றமும் இல்லை. பக்கத்து வரிசையோடு ஒப்பிட்டாலும் இல்லை. ஆனால் முதல் வரிசையையும் பதினான்காவதையும் ஒருசேரப் பார்த்தால் இரண்டு வேறு பெண்கள். இடப்பக்க மார்பில் எடுத்த கோட்டில் உச்சி பாதிக்கு மேல் உயர்ந்திருந்தது. அதையடுத்து வரும் சிறு மேடு, முதல் ஆண்டில் குன்றுபோல் இருந்தது, தட்டையாகி, கடைசியில் குழியாகத் தொடங்கியிருந்தது. இருபது கட்டமாக இருந்த இடைவெளி பதினெட்டுக்கும் கீழே வந்திருந்தது. அந்த வராந்தாவில் ஒரு மனித இதயத்தின் பதினான்கு ஆண்டுகள் கிடந்தன. அது வாரம் தவறாமல் எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் கையாலேயே எழுதியிருந்தேன்: இயந்திரம் சரி, இயந்திரம் சரி, இயந்திரம் சரி.

நான் பார்த்தது இயந்திரத்தை. படுத்திருந்தவளை ஒரு நாளும் பார்க்கவில்லை.

டாக்டரை வீட்டிலிருந்து கூட்டி வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டைகளுக்கு நடுவே விரல்நுனியில் நடந்து, ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து பார்த்தார். வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை. கடைசி வரிசையில் நிமிர்ந்து, "இவங்க ஃபார்ம் எங்க?" என்றார்.

"ஃபார்ம் இல்லைங்க சார். இவங்க நோயாளி இல்லையே."

மறுநாள் இருசாயி அக்காவை டாக்டரின் அறையில் உட்கார வைத்தோம். நான் முன்பே சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் இன்றும் மறக்கவில்லை. இரத்த அழுத்தம் பார்த்தார் டாக்டர். கொஞ்சம் கூடுதல். இவ்வளவு மாற்றத்துக்கு அது போதாது என்றார். சர்க்கரை இல்லை. நான் தாளை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

"புகைப் பழக்கம் உண்டா?"

"பீடியா? சீச்சீ! அந்த நாத்தமே எனக்கு ஆவாதுங்க. வெத்தலை கூடப் போடறதில்ல."

இல்லை என்று எழுதினேன். டாக்டர் பென்சிலை அந்த வரியின்மேல் வைத்தார். "கணப்பறையில ஒரு நாளைக்கு எத்தனை பீடி எரியும்?"

"எண்ணுனது இல்லீங்க. சாயங்காலம் கூட்டறப்ப துண்டு மட்டும் அரை மொறம் வரும்."

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "கணப்புக்குத் தலைக்கு மேல புகைபோக்கி இருக்கு" என்றார், எங்களைப் பார்க்காமலே. "பீடிக்கு? பதிமூணு பதினாலு வருஷமா இவங்கதான் புகைபோக்கி." பிறகு திரும்பி, "பீடிதான் காரணம்னு என்னால எழுத முடியாது, எஸ்தர். கரிப்புகை இருக்கு, வயசு இருக்கு, அழுத்தம் இருக்கு. நான் படிச்ச எதுலயும் இதுக்கு நேரான பதில் இல்லை. ஆனா கழிக்க முடிஞ்சதைக் கழிச்சுப் பாக்கலாம். மருந்து அப்புறம். இவங்களைத் துணி துவைக்கிற பக்கம் மாத்திடலாம்."

இருசாயி அக்கா எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க டாக்டருங்க, தப்பு பீடி மேல, தண்டனை எனக்கா? நெருப்ப நான் பாத்துக்கறேன். வேணும்னா பீடிய வெளிய அனுப்புங்க."

"சொன்னா கேப்பாங்களா?"

"எப்படிக் கேப்பாங்க? சொல்ற ஆளு வாயிலயே ஒண்ணு எரியுதே."

டாக்டர் தன் கையில் இருந்ததைப் பார்த்தார். தேநீர்த் தட்டில் நசுக்கினார். அதற்குப் பின் அவர் கட்டடத்துக்குள் புகைத்து நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டார் என்று எழுத ஆசை, ஆனால் உண்மை அதுவல்ல. கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடியில் நின்று புகைப்பார். நர்ஸுகள் ஜன்னலில் நின்று சிரிப்பார்கள். அவரும் கையாட்டுவார்.

அன்று தாளில் அச்சடித்த வரிக்குக் கீழே நான் நீல மையில் அந்த இன்னொரு வரியை எழுதினேன். எதிரே, 'ஆம். நாளுக்கு அரை முறம்.' நகல் எடுக்க வைத்திருந்த வெற்றுத் தாளிலும் அதே வரியை எழுதி வைத்தேன்.

மறுநாள் காலை இருசாயி அக்கா அந்த முறத்தையே எடுத்துக் கணப்பறை வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் வந்தவர் பெரியண்ணன்.

"பீடி, தீப்பெட்டி எல்லாம் இதுல வெச்சுட்டு உள்ளார போ. போறப்ப எடுத்துக்க."

"அடேங்கப்பா! இதென்ன சேர்வராயன் கோயிலா?"

"கோயில்ல குகைக்குள்ளார குனிஞ்சு போறப்ப பீடிய எங்க வெப்ப?"

"வெளிய, பாறை மேல."

"எதுக்கு?"

"உள்ளார காத்து இல்ல. சாமிக்கு ஆவாது."

"இங்கயும் காத்து இல்ல. எனக்கு ஆவாது. வெய்யி."

பெரியண்ணன் பெஞ்சில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? இன்னைல இருந்து இருசாயக்காதான் சாமி. அடுத்த வாரம் கெடா வெட்டச் சொல்லும்." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பீடிக்கட்டை முறத்தில் வைத்தார். மலையாட்களுக்கு அந்தக் குகை வழக்கம் உடம்போடு வந்தது. அறிவிப்புப் பலகை எழுதியிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. முறம் தாங்கியது. கரி நெருப்பு வழக்கம்போல எரிந்தது. பீடி மட்டும் இல்லை. டாக்டர் கேட்ட கழித்தல் அதுதான்.

1988 தை மாதம், சேலத்திலிருந்து ஓர் இதய மருத்துவர் முகாமுக்கு வந்தார். ஒலியலையால் இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ இயந்திரத்தை நான்கு கம்பளிகளில் சுற்றி ஜீப்பில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் நத்தையாக ஊர்ந்து கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே அறையை இருட்டாக்கி, இருசாயி அக்காவை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பில் கூழைத் தடவிக் கருவியை வைத்தார் சேலத்து மருத்துவர். திரையில் விசிறி வடிவில் ஒரு சாம்பல் வெளிச்சம் விரிந்தது.

அதற்குள் இதயம் அசைந்துகொண்டிருந்தது.

பதினான்கு ஆண்டுகளாக அதன் கையெழுத்தை மட்டும் பார்த்தவள் நான். இப்போது ஆளையே பார்த்தேன். வால்வின் இரண்டு இதழ்கள், கும்பிட்ட கைகள் பிரிந்து சேர்வதுபோல, திறந்து மூடின. சுவர் இறுகியது, தளர்ந்தது. மருத்துவர் படத்தை நிறுத்தி, சுவரின் இரு விளிம்பிலும் புள்ளி வைத்து அளந்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர். "தடிச்சிருக்கு. விரியறதுலயும் சோம்பல்" என்றார். பட்டைகள் பொய் சொல்லவில்லை.

இருசாயி அக்கா கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதா என்னுது? நொம்பப் பாவமா இருக்கே. ஒக்காரவே ஒக்காராதா இது?"

அடுத்து பெரியண்ணன் படுத்தார். அவருடைய இதயம் பெரிதாக, பை போலத் தொங்கியது. ஒரு பக்கச் சுவர் அசையவே இல்லை. மற்ற பக்கம் இழுக்க, அது சும்மா கூடவே போனது. என்றைக்கோ வந்த நெஞ்சுவலியில் அந்தச் சதை செத்திருந்தது. நாற்பது ஆண்டுப் பீடி.

"என்னுது ஏனுங்க ஒரு பக்கமா நொண்டுது? பக்கத்து ஆளுத மாத்திக் காட்டறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். முறத்திலிருந்து தன் பீடிக்கட்டை எடுத்துப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு கவாத்துப் பருவத்தில், எஸ்டேட் ரோட்டில், கத்தியைத் தோளில் வைத்தபடியே உட்கார்ந்தவர் எழவில்லை என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வந்து சொன்னார். கணப்பறையில் அன்று இருசாயி அக்கா யாரையும் திட்டவில்லை.

திங்கட்கிழமைகள் தொடர்ந்தன. இப்போது நான் ஒவ்வொரு பட்டையையும் இரண்டு முறை பார்த்தேன், இயந்திரத்துக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. முறம் வாசலுக்கு வந்த ஒரே மாதத்தில் இடைவெளி பதினெட்டுக்குக் கீழிருந்து பத்தொன்பதுக்கு வந்தது. சேர்வராயன் திருவிழா வரும் வைகாசியில் இருபது. துள்ளும் துடிப்பு முதலில் பட்டைக்கு ஒன்றானது, பிறகு மாதத்துக்கு ஒன்று, ஐப்பசியில் நின்றேவிட்டது. மழைக்காலத்தில் கரிக்கூடையோடு மேட்டில் ஏறி, நடுவில் நிற்காமல் மேலே போய், அங்கிருந்து "அம்மிணீ!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். உயர்ந்த உச்சி மட்டும் இறங்க மறுத்தது.

1990இல் அதே இயந்திரம் இரண்டாம் முறை மலையேறியது. அதே மருத்துவர், அதே இருட்டறை. அளந்துவிட்டு, மறுபடி அளந்தார். பத்து மில்லிமீட்டர். "ஒரு மில்லிமீட்டர் என் கை அசைஞ்சாலே வரும். ரெண்டு அவ்வளவு சுலபமா வராது. விரியறதும் நல்லா இருக்கு."

டாக்டர் அருள்ராஜ் என்னிடம், "எழுதுங்க. சுவர் குறைஞ்சிருக்கு. ஏன்னு எழுதாதீங்க. ஒரே ஒரு அம்மாவை வெச்சு ஏன்னு சொல்ல முடியாது" என்றார். அப்படியே எழுதினேன். ஆனால் இது என் கட்டுரை என்பதால் இங்கே சொல்கிறேன். தான் தடிக்க வைத்துக்கொண்ட சுவரை, துடிப்பதை ஒரு நொடி நிறுத்தாமலே, ஒரு இதயம் தானே இழைத்து மெலிதாக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். எத்தனையோ பெரிய புத்தகங்களைப் படித்திருக்கிறேன். அதற்கு ஈடாக எதுவும் என்னை வாய்பேசாமல் உட்கார வைத்ததில்லை.

இருசாயி அக்கா ஓய்வு பெற்றது 1992இல். கடைசித் திங்கட்கிழமை வந்து படுத்தார், பட்டை ஓடியது, தேதி போட்டேன். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டவர் போகவில்லை.

"அம்மிணி, நீங்க ஒரு வாட்டி படுங்க."

"எனக்கெதுக்குக்கா? வேலை கிடக்கு."

"அந்தத் திரைக்கு அந்தாண்ட நான், இந்தாண்ட நீங்க. பதினாலு வருசம். பீடிக்குத் திரை தெரியுமா?"

பயிற்சிக் காலத்துக்குப் பிறகு நான் அந்தக் கட்டிலில் படுத்ததில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது. படுத்தேன். அவர் யாரையும் கேட்கவில்லை. வலது மணிக்கட்டில் சிவப்புக் கம்பி, இடதில் மஞ்சள், இடது காலில் பச்சை, வலதில் கறுப்பு. பதினெட்டு ஆண்டு படுத்துக்கொண்டே பார்த்துக் கற்றது. பொத்தானை அழுத்தினார். ஊசி ஓடியது. கோடு முழுவதும் புல்.

"ஏங்கண்ணு நடுங்கற? குளுரு கூட இல்லியே." அம்மிணி போய்க் கண்ணு வந்திருந்தது. திரையை ஒதுக்கிப் போய், கணப்புச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டுவந்து என் கால்மாட்டில் வைத்தார். அதில் கரியின் மணம் மட்டும் இருந்தது. கம்பளியை இழுத்துக் கழுத்துவரை மூடினார்.

"அசையாதீங்க. பேசாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க."

புல் மெல்ல அடங்கியது. ஊசி ஏறி இறங்கும் சத்தம் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கியது. எழுந்து பட்டையைக் கிழித்தேன். தேதி போட்டேன். வழக்கமான இரண்டு சொற்களை எழுதவில்லை. ஒரு புதிய தாளை எடுத்து, மேலே என் பெயரை எழுதி, வரிசையாக நிரப்பி, நகலில் வந்திருந்த என் கையெழுத்து வரிக்கு எதிரே 'ஆம்' என்று போட்டு, பட்டையை அதில் குத்தி, டாக்டரின் அறைக்கு எடுத்துப் போனேன்.